கடலில் எர்த் எங்கே இருக்கிறது?

சாயங்காலம் மெரினாவில், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, நொச்சிக்குப்பம் பக்கம் உட்கார்ந்து பார்த்திருப்பீர்கள். இருட்டிய பிறகு கடலுக்குள் வெளிச்சங்கள் தெரியும். அசையாமல் நிற்கும் பெரிய வெளிச்சங்கள் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள். அலையோடு ஏறி இறங்கி, விட்டு விட்டுத் தெரிகிற குட்டி வெளிச்சங்கள் நம் குப்பத்துப் படகுகள். நாளைக் காலையில் லூப் ரோடு மீன் மார்க்கெட்டில் நாம் பேரம் பேசி வாங்கப் போகிற சங்கராவும் நவரையும் இன்னும் அந்த வெளிச்சத்துக்குக் கீழே நீந்திக்கொண்டிருக்கும்.

அந்தக் குட்டி வெளிச்சம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பேட்டரி இருக்கிறது. இப்போது சில படகுகளில் இரண்டு. இன்று நான் எழுதப் போவது அந்தப் பேட்டரிகளைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவற்றிலிருந்து வரும் கறுப்பு ஒயரைப் பற்றி. "ரிடையர் ஆகியும் இவனுக்கு ஒயர் பைத்தியம் விடவில்லை" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் போன மார்கழியில் எனக்குத் தெரிந்த ஒரு பையனும் அவனோடு போன மூன்று பேரும் அந்தக் கறுப்பு ஒயரால் நடுக்கடலில் இருட்டில் கிடந்தார்கள். அதில் என் தவறும் உண்டு. அதனால்தான் எழுதுகிறேன். பெயர்கள் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அதனால் பெயர் இல்லை.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், நான் 1976-ல் ரயில்வேயில் சேர்ந்து 2012-ல் ஓய்வு பெற்றவன். அத்தனை வருஷமும் பெரும்பாலும் பேசின் பிரிட்ஜ் யார்டில், டிரெயின் லைட்டிங் பிரிவில். ரயில் பெட்டியின் அடியில் தொங்கும் பேட்டரிப் பெட்டிகளைத் திறந்து, தண்ணீர் ஊற்றி, ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தே முதுகு வளைந்தது. அதனால் பேட்டரி என்றால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு இருந்தது. அந்த நினைப்புதான் வினை.

தினமும் காலையில் நடக்கப் போகும்போது எனக்குக் கிடைத்த சிநேகிதர் ஒருவர் நொச்சிக்குப்பத்துக்காரர். கட்டுமரத்தில் தொழில் ஆரம்பித்தவர். அவர் காலத்தில் கட்டுமரத்தில் மின்சாரம் என்ற பேச்சே கிடையாது. பாய், துடுப்பு, கை. வெளிச்சம் வேண்டுமென்றால் அரிக்கேன் விளக்கு. பிறகு காலம் மாறியது. வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் கீழ் 1979-ல் ஒன்று தொடங்கினார்கள். அதற்குத் தலைமையகம் நம் சென்னைதான். அபிராமபுரம் செயின்ட் மேரீஸ் ரோட்டில் அந்தப் பலகையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலை அடிக்கிற மணல் கரையிலிருந்தே இறக்கக்கூடிய இன்ஜின் படகுகளை அவர்கள் வடிவமைத்துப் பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, உடைந்த கட்டுமரங்களுக்குப் பதிலாகப் பைபர் படகுகள் கரையெல்லாம் நிறைந்தன. இன்ஜின் வந்தது, விளக்கு வந்தது, ஜி.பி.எஸ். வந்தது, வி.எச்.எஃப். வயர்லெஸ் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது இரண்டு ஒயரோடு வந்தது. அந்த ஒயரை எங்கே, எப்படிக் கட்டுவது என்ற பாடம் மட்டும் கூட வரவில்லை.

சிநேகிதரின் மகன் வாங்கியது வழக்கமானதைவிடக் கொஞ்சம் பெரிய படகு. குப்பத்தில் பல படகுகளில் இன்ஜினைக் கயிறு இழுத்தோ, ஹேண்டில் போட்டோதான் கிளப்புவார்கள். இவன் படகில் செல்ஃப் ஸ்டார்ட் மட்டும் இருக்கிற டீசல் இன்ஜின். ஆகவே இரண்டு 12 வோல்ட் பேட்டரி. ஒன்று இன்ஜினுக்கு. மற்றொன்று விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ்ஸுக்கு. இது நல்ல யோசனை. ராத்திரி முழுக்க விளக்கு எரிந்து ஒரு பேட்டரி தீர்ந்தாலும், விடிகாலையில் இன்ஜினைக் கிளப்ப இன்னொன்று புதிதாக இருக்கும்.

"சார், நீங்க ரயில்ல பேட்டரி வேலை பார்த்தவரு. ஒரு தபா வந்து பாருங்க" என்று சிநேகிதர் கூப்பிட்டார். போனேன். மணலில் ஏற்றி வைத்திருந்த படகில் ஏறிப் பார்த்தேன். பார்த்துவிட்டு, பெரிய வாத்தியார் மாதிரி தீர்ப்பும் சொன்னேன்: "ரெண்டு பேட்டரியும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே கூடாது. பாசிடிவ்வும் தனி, நெகடிவ்வும் தனி. எங்க ரயில்ல அப்படித்தான்."

ரயிலில் அப்படித்தான் என்பது உண்மை. நான் சேர்ந்த காலத்தில் 24 வோல்ட் கோச்சுகள் இருந்தன, பிறகு 110 வோல்ட் வந்தது. எதுவானாலும் கோச்சின் இரும்பு உடம்பை நாங்கள் ஒயராகப் பயன்படுத்த மாட்டோம். போகிற ஒயரும் திரும்பி வருகிற ஒயரும் உடம்பைத் தொடாமல் தனியாக ஓடும். தொட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு டெஸ்ட் லாம்ப் வைத்திருப்போம். ஒரு முனை கோச் உடம்பில், மறு முனை பாசிடிவ்வில், பிறகு நெகடிவ்வில். லாம்ப் எரிந்தால் எங்கோ ஒயர் உரசி உடம்பைத் தொட்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டுபிடிக்காமல் அந்தக் கோச்சை விட மாட்டோம். ஏனென்றால் ஒரு இடத்தில் தொட்டால் ஒன்றும் ஆகாது. எதிர்ப்பக்க ஒயரும் வேறு எங்கோ தொட்டால் நேர் ஷார்ட். நெருப்பு.

இந்தப் பாடம் என் எலும்பில் ஊறியது. அதை அப்படியே கொண்டுபோய்ப் படகில் ஒப்பித்தேன். கோச்சுக்கு எழுதின மருந்துச் சீட்டைப் படகுக்குக் கொடுத்தேன்.

படகில் என்ன வித்தியாசம்? பைபர் மின்சாரம் கடத்தாது. எனவே காரில் போல "உடம்பே நெகடிவ்" என்று விட முடியாது. அதே சமயம் இன்ஜின் ஒரு பெரிய இரும்புக் கட்டி. பெரும்பாலான இன்ஜின்களில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் தங்கள் நெகடிவ்வை அந்த இரும்பிலேயேதான் விடுகின்றன. அந்த இரும்பிலிருந்து தண்டு, தண்டின் முனையில் காற்றாடி, காற்றாடி உப்புத் தண்ணீரில். ஆகவே கார் ஒரு விதம், கோச் ஒரு விதம் என்றால் படகு மூன்றாவது விதம். இதை நான் யோசிக்கவில்லை.

என் பேச்சைக் கேட்டு இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக வைத்தார்கள். இன்ஜின் பேட்டரி டைனமோவிலிருந்து சார்ஜ் ஆனது. விளக்குப் பேட்டரிக்கும் டைனமோவிலிருந்து ஒரு பாசிடிவ் ஒயர் போயிருந்தது. ஆனால் சார்ஜ் ஆகவில்லை. எப்படி ஆகும்? மின்சாரம் போனால் மட்டும் போதாது, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். டைனமோவின் நெகடிவ் இன்ஜின் இரும்பில் இருக்கிறது. விளக்குப் பேட்டரியின் நெகடிவ் எதிலும் இல்லை. வழி இல்லாத இடத்தில் மின்சாரம் நகராது. பையன் பாவம், மூன்று நாளைக்கு ஒருமுறை அந்தக் கனத்த பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மணலில் நடந்து சார்ஜ் கடைக்குப் போனான்.

கடைசியில் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டான். அவர் பார்த்தவுடன் விஷயத்தைப் புரிந்துகொண்டார். இரண்டு நெகடிவ்வையும் ஒரு ஒயரால் இணைத்தார். சார்ஜ் ஆக ஆரம்பித்தது. கூடவே "ஒண்ணு, ரெண்டு, ரெண்டும்" என்று திருப்புகிற ஒரு சுவிட்சையும் வைத்துக் கொடுத்தார். இன்ஜின் பேட்டரி படுத்துவிட்டால் "ரெண்டும்" என்று திருப்பி, விளக்குப் பேட்டரியின் பலத்தையும் சேர்த்து இன்ஜினைக் கிளப்பிக்கொள்ளலாம். இதுவும் சரியான யோசனைதான். பாசிடிவ் பக்கம் தடித்த கேபிள் போட்டார். நெகடிவ் பக்கம் கையில் இருந்த 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரைப் போட்டார். நம் வீட்டில் ஏ.சி. பிளக்குக்கு வருமே, அந்த அளவு.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் சார்ஜ் ஆவதற்காகப் போட்ட ஒயர் அது. அந்த வேலைக்கு அது தாங்கியது.

மார்கழியில் ஒரு ராத்திரி. வலை போட்டுவிட்டுக் காத்திருந்து, திரும்ப இன்ஜினைக் கிளப்பப் பார்த்தால் செல்ஃப் "டக் டக்" என்கிறது. இன்ஜின் பேட்டரி பழசு, போய்விட்டது. பையன் சுவிட்சை "ரெண்டும்" என்று திருப்பிச் செல்ஃபை அழுத்தினான். செல்ஃப் மோட்டார் அந்த நிமிஷத்தில் 150 ஆம்பியர் போல இழுக்கும். விளக்குப் பேட்டரியின் பாசிடிவ்விலிருந்து தடித்த கேபிள் வழியாக அத்தனையும் தாராளமாகப் போனது. மோட்டாரைச் சுற்றிவிட்டு, இன்ஜின் இரும்பு வழியாகத் திரும்பியது. ஆனால் விளக்குப் பேட்டரியின் நெகடிவ்வுக்குள் நுழைய இருந்த ஒரே வழி அந்த 2.5 ஒயர்.

அறுபத்துமூவர் அன்றைக்கு வடக்கு மாட வீதி வழியாக வந்த ஜனம் முழுவதும் ஒரே ஒரு ஆள் புகக்கூடிய சந்து வழியாக வெளியே போக வேண்டும் என்றால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. கணக்காகவே சொல்கிறேன். 20 ஆம்பியர் தாங்குகிற ஒயரில் 150 போனால் ஏழரை மடங்கு. ஏழரை என்றாலே நமக்குச் சனிதான். ஆனால் சூடு ஏழரை மடங்கோடு நிற்காது, மின்சாரத்தின் வர்க்கத்தில் ஏறும். அதாவது ஐம்பத்தாறு மடங்கு. ஒயர் நெகடிவ் என்பதால் அதில் ஃபியூஸும் இல்லை. சில நொடிகளில் அதன் தோல் உருகி எரிய ஆரம்பித்தது. அதே கட்டில் விளக்கு, வயர்லெஸ் ஒயர்களும் சேர்த்துக் கட்டியிருந்தது. எல்லாம் ஒன்றாகக் கருகியது.

பைபர் படகு, பக்கத்தில் டீசல் கேன். நல்லவேளை, கூட இருந்த ஒருவர் ஈரச் சாக்கைத் தூக்கிப் போட்டு அமுக்கிவிட்டார். இன்ஜின் இல்லை, விளக்கு இல்லை, வயர்லெஸ் இல்லை. கப்பல் வந்து போகிற இடத்துக்குப் பக்கத்தில், வெளிச்சம் இல்லாத படகு. கப்பலில் இருப்பவனுக்கு அது கண்ணில் படாது. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நாலு பேரும் விடியும்வரை உட்கார்ந்திருந்தார்கள். விடிந்த பிறகு அந்தப் பக்கம் வந்த வேறொரு படகு கயிறு போட்டு இழுத்து வந்தது.

விஷயம் தெரிந்து ஓடினேன். சிநேகிதர் மணலில் உட்கார்ந்து கருகின ஒயரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: "நீங்கதான சார் தனித்தனியா வெக்கச் சொன்னீங்க. அப்பவே ஒழுங்கா சேத்திருந்தா இந்த ஒயரே வந்திருக்காது."

முப்பத்தாறு வருஷ சர்வீஸில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். எழுபது வயதுக்கு மேல் மறுபடி எல்.கே.ஜி.

முதலில் புரிந்தது, நமக்கு "எர்த்" என்று ஒரே வார்த்தைதான் இருக்கிறது, ஆனால் படகில் அது மூன்று வேறு வேறு வேலை. வீட்டில் எர்த் என்றால் தெரியும். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, வெயில் காலத்தில் அம்மா ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாளே, அது. கை தவறி கரண்ட் ஒழுகினால் ஆளைக் காப்பாற்றுவதற்கு. படகில் மெக்கானிக் "எர்த் ஒயர்" என்று சொல்வது பெரும்பாலும் பேட்டரிக்குத் திரும்பி வருகிற நெகடிவ். அது காவல்காரன் இல்லை, வேலைக்காரன். போகிற மின்சாரம் அத்தனையும் அதில் திரும்பியாக வேண்டும். மூன்றாவது, இன்ஜின் இரும்பு வழியாகக் கடல் தண்ணீரோடு ஏற்படுகிற தொடர்பு. இந்த மூன்றையும் ஒரே பெயரில் கூப்பிட்டதால்தான், "எர்த்துக்கு எதுக்குப்பா தடி ஒயர்" என்று ஒருவரும், "எர்த்தா, பக்கத்தில இருக்கிற போல்ட்ல மாட்டு" என்று இன்னொருவரும் சொல்கிறார்கள். நான் சொன்னது மூன்றாவது தப்பு.

இரண்டாவதாக, கரையில் பலரும் நம்பும் ஒரு விஷயம். "ரெண்டு நெகடிவ்வையும் சேர்த்தா ஒரு பேட்டரி இன்னொண்ணைக் குடிச்சிடும்." இது இல்லை. இரண்டு கை தட்டினால்தான் ஓசை. நெகடிவ்வை மட்டும் சேர்த்தால் ஒரு கைதான். மின்சாரம் ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு ஓட வேண்டுமானால் பாசிடிவ்வும் சேர்ந்திருக்க வேண்டும். எனவே பேட்டரிகளைப் பிரித்து வைக்கிற வேலை முழுக்கப் பாசிடிவ் பக்கம். சுவிட்ச் அங்கே, ஃபியூஸ் அங்கே. நெகடிவ் பக்கம் எல்லோரும் ஒரே குடும்பம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் படகு விதிகளிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. ஒரு படகில் ஒன்றுக்கு மேற்பட்ட பெட்ரோல் இன்ஜின் இருந்து, அவற்றின் செல்ஃப் மோட்டார்கள் நெகடிவ்வை இன்ஜினிலேயே விடுவதாக இருந்தால், அவற்றைப் பொதுவான ஒரு கடத்தியால் இணைக்க வேண்டும், அந்தக் கடத்தி செல்ஃப் இழுக்கிற முழு மின்சாரத்தையும் தாங்க வேண்டும் என்கிறது. அதாவது, நெகடிவ் மெல்லிய ஒயரைத் தேடிப்போய்ப் பொசுக்கும் என்பது அவர்களுக்கும் பட்டுத்தான் தெரிந்திருக்கும். யாரோ ஒருவர் படகு எரிந்த பிறகுதான் இப்படிப்பட்ட வாசகங்கள் சட்டப் புத்தகத்தில் ஏறும்.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் அந்த மெக்கானிக்கும் படகில் உட்கார்ந்தோம். மெக்கானிக்கிடம் முதலில் நான் செய்த தப்பைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் என்னை அந்நியனாகப் பார்க்கவில்லை. புதுப்பேட்டையில் நல்ல தடி பேட்டரி கேபிள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஃபியூஸும் முனைகளும் வாங்கினோம். செய்தது இதுதான், படகு வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

ஒன்று: தண்ணீர் படாத உயரத்தில் ஒரு செம்புப் பட்டை. படகில் உள்ள எல்லா நெகடிவ்வும் அங்கேதான் வந்து சேர வேண்டும். விளக்கு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், நாளைக்கு வரப்போகிற கருவி எதுவானாலும். இன்ஜின் போல்ட்டில் ஒன்று, பலகை ஆணியில் ஒன்று என்று இருக்கக்கூடாது.

இரண்டு: இரண்டு பேட்டரிகளின் நெகடிவ்விலிருந்தும் அந்தப் பட்டைக்கு வருகிற கேபிள், செல்ஃபுக்குப் போகிற பாசிடிவ் கேபிள் என்ன தடிமனோ அதே தடிமன். ஒரு நூல்கூடக் குறையக்கூடாது. இதுதான் அன்றைக்கு எரிந்த இடம். மூன்றாவது பேட்டரி வைத்தாலும் இதே விதி.

மூன்று: பட்டையிலிருந்து இன்ஜினுக்கு அதே தடிமனில் ஒரே ஒரு கேபிள். இரண்டாவது வழி வேண்டாம். பல இடங்களில் தொடுப்பு இருந்தால், மின்சாரத்தில் ஒரு பங்கு இரும்பு வழியாகவும் ஈரத்தின் வழியாகவும் சுற்றிப் போகும். இரும்பை விட்டு உப்புத் தண்ணீருக்குள் மின்சாரம் இறங்குகிற இடத்தில் இரும்பு கரையும். காசிமேட்டில் தண்ணீரிலேயே கிடக்கும் விசைப்படகுகளின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பார்கள், முதலில் அது கரையட்டும் என்று. நம் படகுகள் தினமும் மணலில் ஏறிவிடுவதால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் படகின் அடியில் தேங்குகிற தண்ணீரில் ஒரு பாசிடிவ் ஒயர் தோல் உரிந்து கிடந்தால் அதே கதைதான், இன்னும் வேகமாக.

நான்கு: ஃபியூஸ் பாசிடிவ்வில், பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள். தள்ளி வைத்தால் இடையில் இருக்கிற ஒயருக்குக் காவல் இல்லை. நெகடிவ் இணைப்பில் ஃபியூஸோ சுவிட்சோ வேண்டாம்.

ஐந்து: முனைகளை இறுக்கி, மேலே வாஸலின் தடவுவது. உப்புக் காற்றில் செம்பு பச்சை பிடித்தால், கேபிள் எத்தனை தடியாக இருந்தும் பயனில்லை.

எல்லாம் முடித்து ஒரு சோதனை செய்தோம். மல்டிமீட்டரின் ஒரு முனையை விளக்குப் பேட்டரியின் நெகடிவ்வில், மறு முனையை இன்ஜின் இரும்பில் வைத்து, சுவிட்சை "ரெண்டும்" என்று திருப்பிச் செல்ஃபை அழுத்தச் சொன்னேன். அந்த நிமிஷத்தில் மீட்டர் அரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். நின்றது. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் எங்கோ இணைப்பு மோசம், அங்கே சூடு ஏறுகிறது என்று அர்த்தம். ஐந்து நிமிஷச் சோதனை. அன்றைக்குச் செய்திருந்தால் அந்த 2.5 ஒயர் கரையிலேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

இதற்கான மொத்தச் செலவு அந்தப் படகின் ஒரு புது வலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள், கரையிலிருந்து அவர்களுக்குச் சேதி சொல்ல வழி இல்லாமல் போயிற்று. அந்த வேதனைக்குப் பிறகு படகில் தொடர்புக் கருவி வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. 2024 ஆகஸ்டில், இஸ்ரோ தொழில்நுட்பத்தில் செய்த டிரான்ஸ்பாண்டர்களை நாடு முழுக்க ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. 364 கோடி ரூபாய். மிக நல்ல காரியம். செயற்கைக்கோள் வழியாகப் படகுக்குப் புயல் செய்தி வரும் என்பதைக் கட்டுமரத்தில் போன தலைமுறை கனவிலும் நினைத்திருக்காது.

ஆனால் வானத்தில் இருக்கிற செயற்கைக்கோள் வரைக்கும் யோசித்த நாம், படகில் இருக்கிற ஒரு முழக் கறுப்பு ஒயரை யோசிக்க வேண்டாமா? பேட்டரி செத்தால் எந்தக் கருவியும் பெட்டிதான். சாதாரண நாளில் செத்தால் பரவாயில்லை. அவசரத்தில்தான் இன்ஜின் நிற்கும், அவசரத்தில்தான் "ரெண்டும்" என்று திருப்புவார்கள், அப்போதுதான் ஒயர் எரியும். எந்த நேரத்தில் வயர்லெஸ்ஸில் 16-ஆம் சானலில் கூப்பிட வேண்டுமோ அதே நேரத்தில் அது ஊமையாகும். 1554 என்று கடலோரக் காவல்படைக்குப் போன் செய்யலாம் என்பீர்கள். ஆழத்தில் செல்போன் சிக்னல் இருந்தால்தானே.

எத்தனை கருவி கொடுத்தோம் என்ற கணக்கு மட்டும் போதாது. இரண்டு வருஷம் கழித்து எத்தனை வேலை செய்கிறது என்ற கணக்கும் வேண்டும். கருவியோடு கூட ஒரு செம்புப் பட்டை, இரண்டு முழம் தடி கேபிள், ஃபியூஸ், தமிழில் ஒரு பக்கப் படம், இவ்வளவையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் என்ன? ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் கிளை 1968 முதல் இருக்கிறது. பெரிய படகுகளுக்கு இன்ஜின் ஓட்டத் தெரிந்தவர்களை உருவாக்கும் இடம். அங்கிருந்து வருஷத்தில் ஒரு நாள், ஒவ்வொரு குப்பத்துக்கும் ஒரு ஆசிரியர் வந்து, மணலில் உட்கார்ந்து ஒரு படகை ஒயரிங் செய்து காட்டலாம். மழைக்காலத்தில் கடல் மோசமாகித் தொழிலுக்குப் போகாத நாட்கள் எத்தனையோ இருக்கின்றன. வகுப்பு படகு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இல்லாமல், கரையில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்கு முதலில் நடக்க வேண்டும். ஒரு மெக்கானிக் சரியாகக் கற்றுக்கொண்டால் ஐம்பது படகு சரியாகும். தப்பாகக் கற்றுக்கொண்டாலும் ஐம்பதுதான்.

"மீனவனுக்கு இதெல்லாம் புரியாது" என்று சொல்லிவிடாதீர்கள். நீரோட்டத்தைத் தண்ணீரின் நிறத்தை வைத்துச் சொல்கிறவர்கள் அவர்கள். என் சிநேகிதருக்கு நெகடிவ் விஷயத்தை விளக்கியபோது, அரை நிமிஷம் யோசித்துவிட்டு, "அதாவது சார், வலையை இழுக்கிற கயிறு எவ்ளோ தடியோ, அதைக் கட்டி வெச்சிருக்கிற கயிறும் அவ்ளோ தடியா இருக்கணும்" என்றார். நான் இத்தனை பக்கத்தில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

என் போன்ற ரிடையர் ஆன ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று ஆசை இருக்கிறது. இருக்கட்டும். ஆனால் நாம் வேலை பார்த்த இடம் வேறு, அவர்கள் வேலை பார்க்கும் இடம் வேறு. வாயைத் திறக்கும் முன் ஒரு நாள் அவர்கள் படகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அனுபவம் என்பது மற்றவன் இடத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிற சட்டை.

இப்போதெல்லாம் காலையில் நடக்கப் போகும்போது பையில் மல்டிமீட்டர் இருக்கிறது. கூடவே என் பழைய டெஸ்ட் லாம்ப்பும். இதுவரை ஏழு படகு பார்த்துவிட்டேன். அதில் நான்கில் நெகடிவ் இணைப்பு நூல் மாதிரிதான் இருந்தது. மூன்றை மாற்றிவிட்டோம். நான்காவது படகுக்காரர், "இத்தினி நாள் ஒண்ணும் ஆவலியே சார்" என்கிறார். அவரிடம் அந்தக் கருகின ஒயரைக் காட்டலாம் என்று பையனிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். நாளைக்குக் காலையில் போக வேண்டும்.